பூட்டிய வாசலுக்குள் ஓடும் பிள்ளைகள்: தடகளச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தடகளச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

16 வயதுக்கு உட்பட்டோருக்கான தகுதிச் சுற்றுகள் இனி பார்வையாளர் இல்லாமல்தான் நடக்கும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை என் கையில் இருக்கிறது. பெற்றோர் உள்ளே வரக்கூடாது. அன்று போட்டியில் இல்லாத சக வீரர்களும் வரக்கூடாது. பயிற்சியாளர்களுக்கு மட்டும் தொலைவில் ஒரு மூலை. காரணம் ஒரே வரிதான்: பார்வையாளர்களால் ஏற்படும் அழுத்தம் இளம் வீரர்களின் திறனைக் கெடுப்பதாக ஆய்வுகள் சொல்கின்றனவாம். அதே சுற்றறிக்கையின் அடுத்த பக்கத்தில், இறுதிச் சுற்று மாலையில், நிறைந்த கேலரிக்கு முன்னால், ஒலிபெருக்கி வர்ணனையோடு நடக்கும் என்று போட்டிருக்கிறீர்கள்.

இந்த இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்ததும், இதை எழுதியவர்கள் ஒரு பிள்ளையிடமாவது பேசிப் பார்த்தார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. சென்ற பருவத்தில் இதே முறையைச் சோதனையாக நடத்தினீர்கள். அதில் என்ன நடந்தது என்று யாரையும் விசாரிக்காமலே இந்தப் பருவத்தில் நிரந்தரமாக்கிவிட்டீர்கள். நான் 18 ஆண்டுகளாக இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சோதனைப் போட்டிகளில் என்னிடம் பயிலும் ஆறு பேர் கலந்துகொண்டார்கள். நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன்.

முதலில் 800 மீட்டர் ஓடும் ஒரு பையன். வயது 15. இந்தத் தூரத்தை ஓடியவர்களுக்குத் தெரியும், 500 மீட்டரைத் தாண்டி 600 வரை உள்ள அந்த எதிர்ப்பக்க நேர்பாதைதான் இருப்பதிலேயே கொடுமையான இடம். முதல் சுற்றின் வேகம் கால்களில் தீர்ந்திருக்கும். முடிவுக்கோடு இன்னும் எதிரே வந்திருக்காது. விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருவது அங்கேதான். எங்கள் பிள்ளைகள் எப்போதும் அந்த இடத்தில்தான் போய் நிற்பார்கள். பெரிதாகக் கத்தமாட்டார்கள். கடந்து போகும்போது அவன் பெயரைச் சொல்லுவார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அவன் தோள்கள் இறங்கி, கைவீச்சு நேராகி, மறுபடி ஓட ஆரம்பிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் பூட்டிய சுற்றில் அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. காலடிச் சத்தமும் மூச்சிரைப்பும்தான். நான் நின்ற மூலையிலிருந்து என் குரல் எட்டாது, எட்டினாலும் பேசக் கூடாது என்பது விதி. தன் சிறந்த நேரத்தைவிட 3 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு இடம் பின்தங்கியதால் இறுதிச் சுற்றைத் தவறவிட்டான். வெளியே வந்ததும் அவன் சொன்னது இதுதான்: "சார், ஓடும்போது யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அந்த மேசைக்காரங்க மட்டும்தான் தெரிஞ்சாங்க."

அந்த மேசையைப் பற்றித்தான் நான் உங்களிடம் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில், டிராக்கின் ஓரத்திலேயே போட்டிருந்தீர்கள். தேர்வாளர்கள் நான்கு பேர், கையில் குறிப்பேடு, பக்கத்தில் முக்காலியில் ஒரு கேமரா. ஓடும் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் அவர்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டேதான் வர வேண்டும். பார்வையாளர் இல்லாத போட்டி என்று இதைச் சொல்கிறீர்கள். பார்வையாளர் இருந்தார்கள். பிள்ளையை எடைபோட வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். அவன் தோற்றாலும் தோளில் கை போடுகிறவர்கள்தான் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

ஆய்வுகளைச் சுற்றறிக்கையில் இழுத்தது நீங்கள் என்பதால் அங்கிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். நிக்கோலஸ் காட்ரெல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் வேலை செய்யும்போது கூடவே சிலர் இருக்கிறார்கள், ஆனால் அவர்களின் கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அப்போது வேலை செய்பவரிடம் பார்வையாளர் விளைவு, அதாவது பிறர் பார்ப்பதால் வரும் மாற்றம், தென்படவில்லை. கண் திறந்து கவனிக்கும்போதுதான் தென்பட்டது. ஆட்களின் எண்ணிக்கையைவிட, 'என்னை மதிப்பிடுகிறார்கள்' என்ற உணர்வுதான் ஆளை உலுக்குகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். அப்படியானால் உங்கள் ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மதிப்பிடும் கண்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அகற்றியிருக்கிறீர்கள். அழுத்தம் அப்படியே இருக்கிறது, ஆதரவு மட்டும்தான் போயிருக்கிறது.

இரண்டாவது, உயரம் தாண்டும் ஒரு பெண். இவளுக்கு நடந்தது நேர்மாறானது, அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பூட்டிய தகுதிச் சுற்றில் அவள் 1.54 மீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டினாள். அவளுக்கு அமைதி ஒத்துப்போகும். உங்கள் ஏற்பாடு சரிதான் என்று காட்ட அவளை நீங்கள் உதாரணமாகக் கூடச் சொல்லியிருக்கலாம். அப்புறம் இறுதிச் சுற்று வந்தது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நிறைந்த கேலரி. ஓட்டத்தைத் தொடங்கும் குறியில் போய் நின்ற அதே நேரத்தில், ஒலிபெருக்கியில் அவள் பெயர், அவள் தகுதிச் சுற்றில் தாண்டிய உயரம், 'இவரிடமிருந்து இன்று பெரிதாக எதிர்பார்க்கலாம்' என்ற வர்ணனை. அந்தப் பக்கம் 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடிக்கிறது. இடையில் பாட்டு. தாண்டுவதற்கு அவளுக்கு இருப்பது ஒரு நிமிடம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

1.40ஐத் தாண்டினாள். 1.45இல் மூன்று முறையும் கம்பி விழுந்தது. பயிற்சியில் உடம்பு சூடாவதற்காகத் தாண்டும் உயரம் அது.

அன்று இரவு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ஓடும்போது என்ன நினைத்தாய்? "காலடியை எண்ணினேன் சார்" என்றாள். அவள் எண்ணுகிற பெண் இல்லை. எட்டு காலடி ஓட்டம் அவள் உடம்பில் ஊறி மூன்று வருஷம் ஆகிறது. கடைசி வளைவில் உட்பக்கமாகச் சாய்வதும் காலை ஊன்றுவதும் அவள் யோசிக்காமல் நடப்பவை. அத்தனை பேர் தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் அவளும் தன்னையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தானாக நடந்துகொண்டிருந்ததை யோசித்துச் செய்யப் போனாள், கால் தடுமாறியது. பயம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. நன்றாகத் தெரிந்த வேலையில் கவனத்தை அளவுக்கு மேல் செலுத்தினால் வரும் கோளாறு இது. படியிறங்கும்போது ஒவ்வொரு காலையும் யோசித்து வைத்துப் பாருங்கள், புரியும்.

இதற்கு மருந்து உண்டா என்றால், உண்டு. 2001இல் சியான் பைலாக், தாமஸ் கார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டும் பயிற்சியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு, பயிற்சி செய்யும்போதே கேமரா வைத்து, உங்களைப் பதிவு செய்கிறோம், வல்லுநர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது, அப்படிப் பழகியவர்கள் தடுமாறவில்லை. சாதாரணமாகப் பழகியவர்கள் தடுமாறினார்கள். கண்களுக்கு முன்னால் பழகினால்தான் கண்களுக்கு முன்னால் ஆட வரும். மைதானத்தில் இருக்கும் யாருக்கும் இது புதிய செய்தி இல்லை. மழையில் ஓட வேண்டியவனை மழையில் ஓடவிட்டுப் பழக்குகிறோம். எதிர்க்காற்றில் ஈட்டி எறிய வேண்டியவளைக் காற்றில் எறியவிட்டுப் பழக்குகிறோம். கூட்டத்துக்கு முன்னால் தாண்ட வேண்டியவளை மட்டும் பருவம் முழுக்கக் காலி மைதானத்தில் வைத்திருந்துவிட்டு, மிக முக்கியமான நாளில் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

ஆய்வுகள் உங்கள் பக்கம் கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகவே பேசுவோம். 1898இல் நார்மன் டிரிப்ளெட் என்ற உளவியலாளர் 40 பிள்ளைகளிடம் தூண்டில் உருளையைக் கொடுத்து, தனியாகவும் இன்னொருவரோடு போட்டியாகவும் சுற்றச் சொன்னார். அது பார்வையாளரைப் பற்றியது இல்லை, பக்கத்தில் போட்டியிடுபவரைப் பற்றியது. ஆனாலும் இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம் அதுதான். 'இன்னொருவர் இருந்தால் வேகம் கூடும்' என்று மட்டும் அதைச் சுருக்கிவிடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் 20 பிள்ளைகளுக்கு வேகம் கூடியது, 10 பேருக்குப் பரபரப்பில் வேலை கெட்டது, 10 பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. என்னிடம் வரும் ஒவ்வொரு புதுக் குழுவிலும் ஏறக்குறைய இந்த மூன்று வகையையும் பார்க்கிறேன்.

ஏன் இப்படி என்று 1965இல் ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். பிறர் முன்னிலையில் உடம்பும் மனமும் விழித்துக்கொள்கின்றன. அப்போது நமக்குள் எது ஊறிப்போயிருக்கிறதோ அது முந்திக்கொண்டு வெளியே வருகிறது. கைவந்த வேலை என்றால் இன்னும் நன்றாக வரும். கற்றுக்கொண்டிருக்கும் வேலை என்றால் தப்புதான் முந்திக்கொள்ளும். 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேசையில் கோலால் பந்தைத் தட்டிக் குழிக்குள் விழவைக்கும் பூல் ஆட்டம் ஆடுபவர்களை முதலில் அவர்களுக்குத் தெரியாமல் கவனித்தார்கள், பிறகு நான்கு பேர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்கள். நன்றாக ஆடுபவர்களின் குறி தப்பாத அடிகள் 71 சதவீதத்திலிருந்து 80 ஆனது. சுமாராக ஆடுபவர்களுக்கு அது 36இலிருந்து 25க்கு இறங்கியது.

இதைப் பார்த்துத்தான் 'பிள்ளைகள் இன்னும் கற்றுக்கொள்பவர்கள், அவர்களைக் கூட்டத்திலிருந்து காப்போம்' என்று முடிவு செய்திருப்பீர்கள் என நினைக்கிறேன். புதிதாகக் குண்டு எறியக் கற்கும் 11 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தும். அந்தப் பிள்ளையை நானும் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தமாட்டேன். ஆனால் மூன்று, நான்கு வருஷம் பயிற்சி எடுத்துத் தகுதிச் சுற்றுக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? ஓட்டம் அவனுக்கு மூச்சு மாதிரி. அவனிடமிருந்து கூட்டத்தைப் பிடுங்குவது, அவன் சம்பாதித்து வைத்திருக்கும் அனுகூலத்தைப் பிடுங்குவதுதான்.

தவிரவும், 1983இல் சார்லஸ் பாண்ட், லிண்டா டைட்டஸ் என்ற ஆய்வாளர்கள் 241 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிறர் உடன் இருப்பதால் ஏற்படும் மாற்றம் பொதுவாகச் சிறியதுதான் என்றும், வேலை எளிதா சிக்கலா என்பதைப் பொறுத்து அது திசை மாறுகிறது என்றும் கண்டார்கள். கொரோனாக் காலத்தில் ரசிகர்கள் இல்லாமல் நடந்த பயத்லான் பந்தயங்களை, ரசிகர்கள் இருந்த முந்தைய பருவத்தோடு ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பனிச்சறுக்கில் ஓடி, நடுவில் நின்று துப்பாக்கி சுடும் விளையாட்டு அது. ரசிகர்கள் இருந்தபோது ஆண்கள் வேகமாக ஓடினார்கள், சுடுவதில் சறுக்கினார்கள். பெண்களிடம் இது தலைகீழாக இருந்தது: ஓட்டம் மெதுவானது, சுடுவது மேம்பட்டது. ஒரே பந்தயம், ஒரே கூட்டம், ஒரே ஆளின் கால்களுக்கு ஒரு விளைவு, கைகளுக்கு வேறொன்று. இதையெல்லாம் ஒரே வரியில் 'பார்வையாளர் திறனைக் கெடுக்கிறார்கள்' என்று எழுதி, எல்லாப் போட்டிகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பூட்டைப் போடுவது சரியில்லை.

பயிற்சியாளர்கள் கூட்டத்தில் நான் இதைப் பேச எழுந்தபோது, உங்களில் ஒருவர் கொரோனாவால் ரசிகர்கள் இல்லாமல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொன்னார். காலி அரங்கத்தில் உலக சாதனை வரவில்லையா என்று கேட்டார். வந்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று நார்வே வீரர் கார்ஸ்டன் வார்ஹோல்ம் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 விநாடியில் முடித்தார். நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியதும் அதே காலி அரங்கத்தில்தான். இரண்டையும் நான் நள்ளிரவிலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவன். ஆனால் அவர்கள் அங்கே போய் நிற்பதற்கு முன்னால் எத்தனை ஆண்டுகள், எத்தனை நிறைந்த அரங்கங்களைக் கண்டிருப்பார்கள்! அந்தக் கூட்டங்களை உடம்பில் சுமந்துகொண்டுதான் காலி அரங்கத்துக்குள் போனார்கள். என் பிள்ளைகளிடம் சுமக்க இன்னும் எதுவும் சேரவில்லை. எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. 2000 செப்டம்பர் 25 அன்று சிட்னி ஒலிம்பிக்கில் 1,12,524 பேர் பார்க்க, ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு முழுக்கத் தன் மேல் இருக்க, ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமேன் 400 மீட்டரை 49.11 விநாடியில் ஓடி வென்றார். முடிந்ததும் டிராக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கனத்தை அவர் தாங்கினார் என்றால், அது ஒரே நாளில் வந்த வலிமையாக இருக்க முடியாது. கூட்டம் இல்லாவிட்டாலும் நன்றாக ஓடலாம், இருந்தாலும் நன்றாக ஓடலாம். இரண்டுக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் வழி விடவில்லை என்பதுதான் என் குறை.

சுற்றறிக்கையில் நடுவர்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருக்கிறது: கூட்டத்தின் சத்தம் அவர்களின் தீர்ப்பைப் பாதிக்கும் என்று. கால்பந்தில் இது உண்மை. 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல்களைக் காட்டினார்கள். கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிட, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாகத் தவறு (ஃபவுல்) கொடுத்தார்கள். ஆனால் தடகளத்தில் கம்பி விழுந்ததா இல்லையா என்பதை எந்தச் சத்தம் மாற்றும்? நீளம் தாண்டும்போது பலகையைத் தாண்டி மிதித்தால் அங்கே வைத்திருக்கும் பிளாஸ்டிசின் என்ற மென்களிமண்ணில் தடம் விழும். ஓட்டத்துக்குக் கேமரா இருக்கிறது. நடைப் போட்டி ஒன்றில்தான் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த ஒன்றுக்கு நடுவர்களைக் கூட்டத்திலிருந்து தள்ளி நிறுத்த ஏற்பாடு செய்யலாமே. அதற்காக மைதானத்தையே பூட்ட வேண்டியதில்லை.

இப்போது பெற்றோர் விஷயம். இதில் உங்கள் கவலை நியாயமானது, அதை நான் மறைக்கப் போவதில்லை. டிராக்கின் ஓரமாகவே கூட ஓடிக்கொண்டு மகனைத் திட்டிய ஒரு தந்தையை நானே கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போயிருக்கிறேன். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தைப் பார்க்காமல் முதலில் அம்மாவின் முகத்தைத் தேடும் பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் தாங்கள் நன்றாக ஓடினோமா இல்லையா என்று தெரிந்துகொள்கிறார்கள். பார்க்கவே மனசு கனத்துப்போகும். ஆனால் அந்த அம்மா வாசலுக்கு வெளியே நின்றால் இது தீர்ந்துவிடுமா? வாசல் திறந்ததும் அதே முகம் அங்கே நிற்கும், இன்னும் கூடுதல் பதற்றத்தோடு. பூட்டிய சுற்று முடிந்து பிள்ளைகள் வெளியே வந்த அந்தக் காட்சியை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரையும் சூழ்ந்துகொண்டு 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று துளைத்தார்கள். ஓட்டத்தைக் கண்ணால் பார்த்திருந்தால், எத்தனை உழைத்து ஓடினான் என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பார்க்காததால் அவர்களுக்குக் கிடைத்தது வெறும் முடிவு மட்டும்தான்.

பெற்றோருக்கு எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கலாம். என் குழுவில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். போட்டி நடக்கும்போது அறிவுரை கூடாது, பெயரைச் சொல்லலாம், கைதட்டலாம். முடிந்த பிறகு முதல் பேச்சு நேரத்தைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ இருக்கக் கூடாது. ஒரு பருவம் ஆனது, ஆனால் பழகிவிட்டார்கள். கூடவே ஓடித் திட்டினார் என்று சொன்னேனே, அந்தத் தந்தை இப்போது மற்ற பெற்றோருக்கு இந்த விதிகளை எடுத்துச் சொல்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இளமையில் மும்முறைத் தாண்டுதல் ஆடியவன். தாண்டுகளத்தில் அமைதி காப்பதுதான் மரியாதை என்று இருந்த காலத்தில், 1981இல் ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டியில் வில்லி பேங்க்ஸ் என்ற அமெரிக்கர் கூட்டத்தைத் தாளம் போட்டுக் கைதட்ட வைத்தார். இன்று உலகம் முழுக்க அது வழக்கமாகிவிட்டது. தாண்டப் போகிறவர் தலைக்கு மேலே கையைத் தட்டிக் காட்டினால் அரங்கமே சேர்ந்து தட்டும். அதே அரங்கத்தில் இன்னொருவர் விரலை உதட்டில் வைத்தால் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். முதல்முறை எனக்காகக் கைதட்டல் எழுந்தபோது என் கடைசி மூன்று காலடிகள் அந்தத் தாளத்திலேயே விழுந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. சத்தம் வேண்டுமா, அமைதி வேண்டுமா என்பதை ஆடுபவர்தான் சொன்னார், கூட்டம் கேட்டுக்கொண்டது. தகுதிச் சுற்றில் கட்டாய அமைதி, இறுதிச் சுற்றில் கட்டாய இரைச்சல் என்ற உங்கள் ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கு அந்த உரிமை எங்கேயும் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

பூட்டிய தகுதிச் சுற்று என்ற விதியை இந்தப் பருவம் தொடங்குவதற்கு முன் திரும்பப் பெறுங்கள். எல்லோரையும் அள்ளிக்கொண்டு உள்ளே விடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீரரும் தனக்கு யார் வர வேண்டும் என்று இரண்டு பேரின் பெயரைத் தரட்டும். யாரும் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை யார் சொன்னது என்று பெற்றோருக்குத் தெரியவும் வேண்டாம். சக வீரர்களுக்கு அந்த எதிர்ப்பக்க நேர்பாதையில் ஓர் இடம் ஒதுக்குங்கள். நடத்தை விதிகளை எழுதி வாசலில் ஒட்டுங்கள். மீறுபவரை அன்றைக்கு வெளியேற்றுங்கள். அந்தப் பொறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் என் சக பயிற்சியாளர்களும் முறை வைத்து நிற்கத் தயார்.

தேர்வாளர்களின் மேசையை டிராக்கின் ஓரத்திலிருந்து எடுத்துக் கேலரியின் மேல்வரிசைக்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்தும் எல்லாம் தெரியும். கேமராவையும் அங்கேயே வையுங்கள்.

இறுதிச் சுற்றில், ஒரு வீரர் குறியில் போய் நின்ற பிறகு ஒலிபெருக்கியில் அவர் பெயரோ உயரமோ எதிர்பார்ப்போ வரக் கூடாது. அறிவிப்பை முந்தையவர் தாண்டி முடித்த உடனேயே முடித்துவிடலாம். தாண்டும் போட்டிகளும் எறியும் போட்டிகளும் நடக்கும் நேரத்தில் பாட்டு வேண்டாம். கைதட்டலோ அமைதியோ, ஆடுபவர் கை காட்டுவதைப் பொறுத்து இருக்கட்டும். அது என்ன சைகை என்பதைப் போட்டி தொடங்கும் முன் கேலரிக்குச் சொல்லிவிடுங்கள்.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய வாரத்தில், தகுதி பெற்ற பிள்ளைகளை அதே அரங்கத்தில் ஒரு மாலை பயிற்சி செய்ய விடுங்கள். ஒலிபெருக்கி ஓடட்டும், சக வீரர்கள் கேலரியில் உட்காரட்டும். அவர்கள் முதல்முறை பதறுவது அந்த மாலையில் நடக்கட்டும்.

சென்ற பருவத்தின் சோதனையில் பூட்டிய சுற்றுகளில் மட்டும் எடுத்த முடிவுகளை வைத்து யாரையும் இந்தப் பருவத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அப்படி விடுபட்டவர்களுக்குத் திறந்த வாசலோடு ஒரு மறுதகுதிச் சுற்று வையுங்கள். நான் சொன்ன 800 மீட்டர் பையன் அதில் ஒருவன், ஆனால் அவன் ஒருவன் மட்டும் இல்லை. மற்றப் பயிற்சியாளர்களிடமும் இப்படிப் பட்டியல் இருக்கிறது, சேர்த்துத் தருகிறோம்.

கடைசியாக, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு நான்கு வீரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். இரண்டு பேர் கூட்டம் வேண்டும் என்பவர்கள், இரண்டு பேர் வேண்டாம் என்பவர்கள். அவர்கள் பேசும்போது பயிற்சியாளர்களும் பெற்றோரும் அறைக்குள் இருக்க வேண்டாம், நானும் இருக்கமாட்டேன். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவைக் காரணங்களோடு எழுத்தில் அனுப்புங்கள். தேர்வுப் பட்டியல் வெளியாகும் நாளுக்கு முன் அந்தப் பதில் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
16 வயதுக்கு உட்பட்டோருக்கான தடகளப் பயிற்சியாளர் ஒருவர்